‘சொந்தமாச் செய்’ எண்டு சொல்லுறவை எதாலை உழைக்கினம்?

வண்ணார்பண்ணையான்

ஒரு கேள்வி, பம்பலுக்குக் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்திலை இப்ப கிழமைக்குக் கிழமை ஏதாவதொரு மண்டபத்திலை ‘அடிமை வேலையை விடு, உனக்கு நீயே முதலாளி ஆகு’ எண்டு ஒராள் மைக் பிடிச்சு நிண்டு சொல்லுறார். அவருக்கு எங்காலை காசு வருது?

நான் விசாரிச்ச அளவிலை, ஒண்டில் வந்திருக்கிற பெடியளிட்டை வாங்கின கட்டணம். இல்லாட்டி கூட்டம் முடிய வாசல்லை வச்சு விக்கிற ‘டிஜிற்றல் மார்க்கெற்றிங்’ கோர்ஸ். ரெண்டும் இல்லையெண்டால் ஏதாவதொரு திட்ட நிதி. திட்டத்துக்கு அறிக்கை எழுதேக்கை எத்தினை பேர் வந்தவை, அதிலை பெண்கள் எத்தினை எண்டு நிரப்பிறதுக்குப் பெட்டி இருக்கு. அடுத்த வருசம் அதிலை எத்தினை பேர் கடையைப் பூட்டினவை எண்டதுக்குப் பெட்டி இல்லை.

சரி, கணக்குப் பாப்பம். ஃபைவர் எண்ட, வெளிநாட்டு வேலை எடுக்கிற இணையத் தளத்திலை மாசம் 1000 டொலருக்கு வேலை செய்யிற பெடியன் எண்டு வையுங்கோ. அது நல்லா ஓடுற பெடியன். தளம் 20 வீதம் எடுக்க 800. டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சால் 240,000. அந்தக் காசு பேயோனியர் எண்ட காசு அனுப்பிற சேவையாலை வங்கிக்கு வாற வழியிலையும் கழியும். லப்ரொப், யூபிஎஸ், ஒண்டு விழுந்தால் மற்றதுக்கெண்டு ரெண்டு இன்ரநெற், மென்பொருள் சந்தா எல்லாம் அவன்ரை தலையிலை. இதே வேலைக்குக் கொழும்பிலை சம்பளத்துக்கு இருந்தால் முதலாளி ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்கு 12 வீதம், ஈரிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போடோணும். இவனுக்கு அது சைபர். டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் அதுவும் சைபர்.

விலையைத் தீர்மானிக்கிறது இவன் இல்லை. வாடிக்கையாளற்றை பேர், விலாசம் இவனிட்டை இல்லை. நாளைக்குத் தளம் ‘போ’ எண்டால் போகோணும். இதைக் கூலி எண்டால் சண்டைக்கு வருவினம். அப்ப வேறை என்னெண்டு சொல்லுறது?

தெரிஞ்சவை கீழை எழுதிச் சொல்லுங்கோ. மண்டபத்திலை பேசுறவையும் வந்து சொல்லலாம்.

எழுத்துரு

அண்ணை, நான் லோகோ, பொதி வடிவமைப்பு செய்யிறனான். நீங்கள் சொன்ன கணக்கிலை ஒண்டு விடுபட்டுப் போச்சு. வேலை கிடைக்கிறதுக்கு முதலே செலவு இருக்கு. அப்வேர்க் எண்ட மற்றத் தளத்திலை ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ற்’ எண்ட டோக்கன் வாங்கோணும், ஒண்டு அமெரிக்கக் காசிலை 15 சதம். ஒரு விண்ணப்பத்துக்குக் கன கனெக்ற் கேக்கும். வேலை வராட்டிலும் அந்தக் காசு திரும்பாது. வேலை தேடி வாறவனிட்டை வாசல்லை நிண்டு காசு வாங்கிற கொம்பனி ஒண்டு இஞ்சை கஸ்தூரியார் வீதியிலை இருந்தால் சனம் கல்லெறியும். அங்கை அதுக்கு ஆரும் வாய் திறக்கிறேல்லை.

மற்றது 2022. மார்ச் தொடக்கத்திலை டொலர் 200 சொச்சம், மே மாசம் 360. மார்ச் கடைசீலை 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. நாங்கள் ஜெனரேற்றர் இருக்கிற ஆக்களின்ரை வீட்டை போய் இருந்து வேலை செய்தனாங்கள். ஊரே மண்ணெண்ணெய் வரிசையிலை நிக்கேக்கை எங்கடை வருமானம் ரூபாக் கணக்கிலை எழும்பினது. உண்மையைச் சொல்லுறன், அந்த வருசம் தான் ‘ஃபிரீலான்ஸ்’ எண்ட கதை இஞ்சை காட்டுத்தீயாப் பரவினது. ஆற்றையும் திறமை கூடினதாலை இல்லை, ரூபா விழுந்ததாலை. அப்ப 360க்கு வாழப் பழகினவை ரூபா திரும்ப ஏறினபிறகு லீசிங் கட்ட ஏலாமல் முழிச்சினம். அதே வேலை, அதே டொலர், அதே கிளையன்ற்.

அந்த நேரம் மேடையிலை நிண்டு ‘நான் எப்படி வெண்டன்’ எண்டு கதைச்சவை ஒருத்தரும் ‘மத்திய வங்கி வெல்ல வச்சது’ எண்டு சொல்லேல்லை.

ஸ்காபரோ மாமா

தம்பிமார், நான் கனடாவிலையிருந்து பாக்கிறன். எங்கடை பெடியளிட்டை மூளை இருக்கு, பொறுப்பு இல்லை. நான் ஊருக்குச் செய்வம் எண்டு என்ரை கடைக்கு வெப்சைற் செய்யச் சொல்லி இஞ்சையிருந்து குடுத்தனான். நாலு மாசம் இழுத்தவங்கள். இஞ்சை செய்திருந்தால் கிழமையிலை முடிஞ்சிருக்கும். உங்கடை ஆக்கள் முதல்லை நேரத்தைப் பழகட்டும், பிறகு தளத்தைக் குறை சொல்லட்டும்.

எழுத்துரு

மாமா, எவ்வளவு குடுத்தனீங்கள்?

ஸ்காபரோ மாமா

இருபத்தையாயிரம் ரூபா. ஊர்ப் பெடியள் தானே.

எழுத்துரு

நூறு டொலரும் வராது மாமா. ‘இஞ்சை செய்திருந்தால்’ எண்ட இடத்திலை அங்கத்தையான் விலையையும் ஒருக்கால் எழுதிவிடுங்கோ, சனம் பாக்கட்டும்.

தென்மராட்சி மொழி

வண்ணார்பண்ணையான் அண்ணை, நீங்கள் எழுதினதெல்லாம் சரி எண்டே வைப்பம். ஆனால் நீங்கள் இஞ்சை எழுதுற நேரத்தைக் கொஞ்ச நாளாக் கவனிச்சுக்கொண்டு வாறன். எல்லாம் கிழமை நாள், காலமை பத்தரைக்கும் பன்ரெண்டுக்கும் இடையிலை. கந்தோர்க் கதிரையிலை இருந்துகொண்டு ‘சொந்தத் தொழில் ஏமாத்து’ எண்டு எழுதுறது லேசு.

எனக்குச் சாவகச்சேரி. ரெண்டு சின்னப் பிள்ளையள், படுக்கையிலை மாமி. பட்டம் இருக்கு. பட்டதாரி நியமனம் வரும் வரும் எண்டு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல்லை வெயிலுக்கை நிண்ட கூட்டத்திலை நானும் நிண்டனான். கொழும்புக்குப் போய் அறை எடுத்து இருக்க எனக்கு ஏலுமோ? யாழ்ப்பாணம் ரவுணிலை தனியார் வேலை எண்டால் காலமை எட்டுக்குப் போய் இரவு ஏழுக்கு வாறது, அதுக்குக் குடுக்கிறதை எழுதவே வெக்கமா இருக்கு. நான் வீட்டிலையிருந்து மொழிபெயர்ப்புச் செய்யிறன். பிள்ளை நித்திரையாப் போனபிறகு வேலை. மாமிக்கு மருந்து எடுக்கிறது அந்தக் காசிலை. இதைக் கூலி எண்டாலும் சொல்லுங்கோ, என்னெண்டாலும் சொல்லுங்கோ. எனக்கு இருந்த மற்ற வழி இதைவிடக் குறைஞ்ச கூலி.

அதுக்காக எல்லாம் சோக்கா இருக்கு எண்டு சொல்லேல்லை. 2022 நவம்பர் கடைசீலை சற்ஜிபிரி எண்ட, தானா எழுதுற ஏஐ மெஷின் வந்தது. அதுக்குப் பிறகு சொல்லுக்கு இவ்வளவு எண்டு தந்த ஏஜென்சி ஒண்டு மெஷின் செய்ததை அனுப்பி ‘திருத்தித் தாங்கோ, விலை அரைவாசி’ எண்டது. திருத்த எடுக்கிற நேரம் புதுசா எழுதுற நேரத்தைவிடக் கூட. தமிழிலை மெஷின் செய்யிற பிழை வடிவான பிழை, வாசிக்க நல்லா இருக்கும், கருத்து தலைகீழா இருக்கும். அதைப் பிடிக்கிறதுக்கு மூலத்தை வரிவரியாப் பாக்கோணும். அரை விலைக்கு ஆர் பாக்கிறது? அவைக்கும் அது தெரியும்.

இப்ப குறையாமல் இருக்கிற வேலை எது தெரியுமோ? பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ். வெளிநாட்டு வீசாவுக்குப் போறது. அதுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளற்றை கையெழுத்தும் முத்திரையும் வேணும். அதிலை என்ரை கெட்டித்தனம் ஒண்டுமில்லை, முத்திரை தான் சோறு போடுது. அந்தப் பதிவுக்குத் தான் நானும் படிக்கிறன்.

வண்ணார்பண்ணையான்

தங்கச்சி, ஓம், நான் அபிவிருத்தி உத்தியோகத்தர் தான். ஒளிக்கேல்லை. அதாலை தான் எனக்கு இது தெரியும். ‘தொழில் முனைவோர்’ பட்டியலுக்குப் பேர் சேக்கிறதே எங்கடை கந்தோர் தான். தையல் மெஷின் குடுத்த காலத்திலை தையல் மெஷின் பட்டியல், கோழிக்கூடு குடுத்த காலத்திலை கோழிக்கூட்டுப் பட்டியல், இப்ப ‘டிஜிற்றல்’ பட்டியல். ஒரு ஊருக்கு எத்தினை தையல்காரர் தேவை எண்டு ஆரும் கேக்கேல்லை, இப்ப எத்தினை லோகோ தேவை எண்டும் கேக்கினமில்லை.

உங்களுக்கு நான் ‘செய்யாதையுங்கோ’ எண்டு சொல்லேல்லை. நீங்கள் சொன்னதை இன்னொருக்கால் வாசியுங்கோ. வேலை இல்லாததாலை இதைச் செய்யிறியள். மண்டபத்திலை சொல்லுறது வேறை. இருக்கிற வேலையை விட்டிட்டு வா எண்டு. வேலை இல்லாதவைக்கு வேலை குடுக்க வேண்டியவை தங்கடை பொறுப்பைக் கழட்டிப்போட்டு, ‘நீ தான் முனையேல்லை’ எண்டு உங்கடை தலையிலை வைக்கினம். எனக்கு அதிலை தான் கோவம்.

அளவெட்டி ஓய்வூதியர்

பிள்ளைகள், டொலர் ஏறி இறங்கின கதையை வாசிக்க எனக்கு மிளகாய்த் தோட்டம் நினைவுக்கு வந்தது.

1970இல் வந்த அரசாங்கம் வெளியில் இருந்து வெங்காயம், மிளகாய் கொண்டுவருவதை இறுக்கிப் பிடித்தது. எங்கள் பகுதியில் செம்மண் தோட்டத்துக்கு ஒரு காலம் வந்தது பாருங்கோ. படித்துவிட்டு வேலை இல்லாமல் நின்ற பெடியன்கள் வன்னிப் பக்கம் காணி எடுத்து மிளகாய் போட்டார்கள். ‘மிளகாய்க் காசில் கட்டின வீடு’ என்று இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் கை காட்டலாம். உத்தியோகம் எதற்கு, மண் இருக்கே என்று அப்போதும் மேடையில் பேசினார்கள். 1977இல் ஆட்சி மாற, சந்தையைத் திறந்துவிட்டார்கள். வெளி மிளகாய் வந்து இறங்கினது. எங்கள் தோட்டக்காரர் ஒரு பிழையும் விடவில்லை. அதே கிணறு, அதே உழைப்பு. கொழும்பில் ஒரு கையெழுத்து மாறினது, அவ்வளவுதான்.

ஆனால் வண்ணார்பண்ணைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு வருடத்தில் உழைத்தவர்கள் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் உண்டு. என்னைப் படிப்பித்ததும் அந்த மிளகாய் தான். நட்டப்பட்டவர்கள் ஆரென்றால், 76இல் வங்கிக் கடனில் இரண்டாவது உழவு இயந்திரம் வாங்கினவர்கள். லீசிங் கதையை வாசிக்க அவர்களின் முகம் தான் தெரிகிறது.

இணுவிலான்

நீங்கள் எல்லாரும் கணினிக்காரரைப் பற்றிக் கதைக்கிறியள். ‘காசுக்குக் கலை’ எண்டது இஞ்சை புதுசோ? எங்கடை வீட்டிலை தலைமுறை தலைமுறையா அது தான் தொழில். தவில்.

தெட்சணாமூர்த்தி 1933இலை எங்கடை இணுவிலிலை பிறந்தவர். தமிழ்நாட்டு மேடையளிலை அங்கத்தைய பெரிய வித்துவான்கள் பக்கத்திலை இருக்க வாசிச்ச மனிசன். 1975இலை செத்துப்போனார், அம்பது வயதும் கண்டதில்லை. அவற்றை காலத்திலையும் சரி, இண்டைக்கும் சரி, கோயிலோ கலியாண வீடோ, முற்பணம் வாங்காமல் ஒரு மேளகாரனும் திகதி குடுக்கமாட்டான். எத்தினை மணிக்கு, எத்தினை நாயனம் எத்தினை தவில், வாகனம் ஆற்றை, சாப்பாடு எங்கை, எல்லாம் முதலே பேசி முடிஞ்சிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலை, ஆவணி முகூர்த்தத்திலை திகதி இல்லையெண்டால் இல்லைத்தான். ‘தம்பி, ஒருக்கால் சும்மா வந்து வாசிச்சுக் காட்டு, பிடிச்சால் காசு தாறம்’ எண்டு எங்களிட்டை ஆரும் கேக்கிறேல்லை. டிசைன் பெடியளிட்டை மட்டும் கேக்கினம். அவங்களும் மூண்டு மாதிரி செய்து அனுப்பிப்போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாங்கள்.

ஆனால் இதின்ரை மற்றப் பக்கத்தையும் சொல்லோணும், சொல்லாட்டிப் பொய். எங்களுக்குக் காசு ஒழுங்கா வந்ததுக்கு ஒரு காரணம் எங்களைக் கலைஞர் எண்டு மதிச்சது இல்லை. நாங்கள் இந்தச் சாதி, இந்த வேலை, இந்தக் கூலி எண்டு ஊர் எழுதி வச்சிருந்தது. காசு தந்தவை கதிரை தரேல்லை. எங்கடை அப்புமார் வாசிச்ச வீட்டிலையே திண்ணையிலை இருந்து சாப்பிட்டவை. இப்ப வசதியான வீட்டுப் பெடியள் ‘கிரியேற்றிவ்’ வேலைக்கு வாறாங்கள். அவங்களுக்கு மரியாதை முதலே இருக்கு, அதாலை விலை கேக்க வெக்கப்படுறாங்கள். நான் கதைச்சுப் பாத்த அளவிலை இது தான் என்ரை முடிவு. கோவிக்கிறவை கோவியுங்கோ.

எழுத்துரு

கோவிக்கேல்லை இணுவிலான். வெக்கப்படுறது உண்மை. ‘எவ்வளவு’ எண்டு கேக்கிற இடத்திலை ‘பாத்துத் தாங்கோ’ எண்டுதான் நானும் கன காலம் சொல்லிக்கொண்டிருந்தனான்.

ஈய எழுத்து

இவ்வளவு நேரமும் சும்மா வாசிச்சுக்கொண்டிருந்தனான். நாங்கள் அச்சகம். ஐயாவின்ரை காலத்திலை ஈய எழுத்துக் கோத்தது, இப்ப ஓஃப்செற்றும் டிஜிற்றலும்.

யாழ்ப்பாணத்திலை எழுத்துக்குக் காசு குடுக்கிற இடம் எது எண்டு நான் சொல்லுறன், நீங்கள் ஒருத்தரும் தொடேல்லை. செத்தவீடு.

ஒராள் மோசம்போனால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கோணும். பிள்ளையார் துதி, தேவாரம், ஆளின்ரை வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, பிள்ளையளின்ரை புலம்பல், மருமக்கள், பேரப்பிள்ளையள், கடைசீலை நன்றி. இதுக்கை திதி வெண்பா எண்டு ஒண்டு வரும். செத்த வருசம், மாசம், திதி எல்லாம் நாலு அடிக்குள்ளை தளை தட்டாமல் நிக்கோணும். அதை எழுத எனக்கு ஒரு இளைப்பாறின தமிழ் வாத்தியார் இருக்கிறார். நாலு வரிக்கு அவருக்குக் கை நிறையக் குடுக்கிறம், அண்டைக்கே குடுக்கிறம். இந்த ஊரிலை ஒரு கவிஞருக்குக் கவிதை குடுத்த உடனை காசு கிடைக்கிற ஒரே இடம் அது எண்டு நினைக்கிறன். அவர் சொந்தமா ரெண்டு கவிதைத் தொகுப்பும் போட்டவர். அதுக்கு எங்களுக்கு அவர் தான் காசு தந்தவர். முன்னூறு பிரதி. வெளியீட்டு விழாவிலை முதற்பிரதி வாங்கின வர்த்தகர் என்வலப்பிலை வச்ச காசும், வந்த சனம் வச்ச என்வலப்பும் சேத்துத்தான் மிச்சக் கடனை அடைச்சவர். புத்தகத்தைக் கடையிலை ஆரும் வாங்கினதா எனக்குத் தெரியாது. வாங்கின சனமும் வாத்தியாருக்காக வாங்கினது, கவிதைக்காக இல்லை. டொமினிக் ஜீவா 1966இலை ‘மல்லிகை’ எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி நாப்பது வருசத்துக்கு மேலா நடத்தினார் எண்டால் அது சந்தையாலை இல்லை, மனிசன் பையிலை போட்டுக்கொண்டு ஆளாளாத் திரிஞ்சு வித்ததாலை.

கல்வெட்டிலை ஏன் காசு தங்குதெண்டால், திகதி மாறாது. 31 எண்டால் 31. ‘இன்னொரு மாதிரி செய்து காட்டுங்கோ’ எண்டு இழுக்க ஏலாது, அந்தியேட்டி முடிஞ்சு பந்தியிலை இருக்கேக்கை கையிலை குடுக்கோணும். இரவு ரெண்டு மணிக்குக் கனடாவிலையிருந்து வட்சப்பிலை படம் வரும், பாரிஸிலையிருந்து மகள் புலம்பல் அனுப்புவா, சிட்னியிலை இருக்கிறவர் வம்சாவழியிலை தன்ரை மனிசியின்ரை பேர் விடுபட்டுப்போச்சு எண்டு சண்டைக்கு வருவார். டிசைனர் முழிச்சிருந்து செய்வான். விலை பேசிறேல்லை. செத்த அம்மாவுக்கு விலை பேச ஆருக்கு மனம் வரும்? அறாவிலைக்குப் போடுற அச்சகங்களும் இருக்கு, அது எனக்குத் தெரியும், சொல்லாமல் விடேல்லை.

இதையும் எழுதோணும். கொஞ்ச வருசமாப் பக்கம் குறையுது. முந்தி அறுபது எழுபது பக்கம், இப்ப முப்பத்திரண்டு. பேரப்பிள்ளையளின்ரை பகுதி இங்கிலீசிலை வருது. அவைக்குத் திதி வெண்பா வாசிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளையள் தங்கடை அப்பா அம்மாவுக்கு இஞ்சை வந்து கல்வெட்டு அடிப்பினமோ? பழைய கல்வெட்டுகளை நூலகம் நிறுவனம் ஸ்கான் பண்ணி இணையத்திலை போட்டு வச்சிருக்கினம், போய்ப் பாருங்கோ, எண்பதுகளின்ரை கல்வெட்டிலை இருக்கிற தமிழையும் இப்பத்தையதையும். நான் என்ரை மகனை இந்தத் தொழிலுக்கு வா எண்டு கூப்பிடேல்லை.

கமராவோடை திரியிறவன்

ஈய எழுத்து அண்ணை சொன்னது எனக்கு நெஞ்சிலை குத்தினது, ஏனெண்டால் யூரியூப்பும் அதே கதை.

இஞ்சை கனபேருக்குத் தெரியாது. விளம்பரக் காசு பாக்கிறவன் எந்த நாட்டிலை இருக்கிறான் எண்டதிலை தான் இருக்கு. இலங்கையிலை ஆயிரம் பேர் பாத்தால் வாறது தேத்தண்ணிக் காசு. அதே ஆயிரம் பேர் லண்டனிலையும் ரொறன்ரோவிலையும் இருந்து பாத்தால் அது வேறை கணக்கு. விளம்பரக் காசு எடுக்கிற திட்டத்துக்குள்ளை போறதுக்குச் சனலிலை 1000 பேர் சேரோணும், பன்ரெண்டு மாசத்துக்குள்ளை 4000 மணித்தியாலம் பாத்திருக்கோணும். பிறகு விளம்பரக் காசிலை 55 வீதம் எங்களுக்கு. 100 டொலர் சேராமல் வெளியிலை விடமாட்டினம். அதாலை எல்லாரும் ஆருக்காகப் படம் எடுக்கினம்? ஊரிலை இருக்கிறவனுக்காக இல்லை. ஊரை விட்டுப் போனவனுக்காக. பனங்கிழங்கு, ஒடியல் கூழ், மருதடிப் பிள்ளையார், மழைக்குள்ளை ஒழுங்கை. அது பரவாயில்லை, நானும் அது தான் எடுக்கிறன்.

அதுக்கு மேலை ஒரு வகை வந்தது. ‘உதவி’ வீடியோ. ஒரு ஏழை வீட்டை போய், அந்த அம்மாவை அழ வச்சு, குமர்ப்பிள்ளையின்ரை முகத்தைக் காட்டி, வெளிநாட்டுக் காசை வாங்கி அரிசி மூட்டையைக் கமராவுக்கு முன்னாலை குடுக்கிறது. பாக்கிறவன் அழுவான், காசு போடுவான், கணக்கு ஆரும் கேக்கிறேல்லை. இதையும் ‘கிரியேற்றர்’ எண்டு தான் சொல்லினம். நான் ஒருக்கால் ஒருத்தரோடை கமரா பிடிக்கப் போனனான். வீட்டுக்காரற்றை கூரையைச் சரியாக் காட்டேல்லை, திரும்ப எடு எண்டார். அந்த அம்மா திரும்ப அழுதவா. அதுக்குப் பிறகு நான் போகேல்லை.

கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோவாலை தான் எனக்குச் சீவியம் போகுது. ட்ரோன் கேப்பினம், அதுக்கு அனுமதி எடுக்கோணும் எண்டால் ‘மற்றவர் சும்மா விடுறாரே’ எண்டுவினம். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுக்காரர் வந்து போற ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ளை வருசத்து உழைப்பை எடுத்திடோணும். மிச்ச மாசம் லென்சைத் துடைச்சு வைக்கிறது.

தென்மராட்சி மொழி

உதவி வீடியோ கதையை எழுதினதுக்கு நன்றி. எங்கடை ஒழுங்கையிலை ஒரு பிள்ளை அப்பிடி ஒரு வீடியோவாலை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டன் எண்டு நிண்டது. அதுக்கு ஆர் வரவு வைக்கிறது?

வரிப்புத்தகம்

வண்ணார்பண்ணையான் போட்ட கணக்கிலை வரி இல்லை. 2025 மார்ச் 31 மட்டும் வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு டொலரிலை வந்து வங்கிக்குள்ளை இறங்கின காசுக்கு வருமான வரி விலக்கு இருந்தது. ஏப்ரல் 1 தொடக்கம் அது இல்லை. கூடினது 15 வீதம்.

பயப்பிடாமல் கணக்கைப் பாருங்கோ. 240,000 படி வருசத்துக்கு 28 இலட்சத்து 80 ஆயிரம். தனிநபர் விலக்கு 18 இலட்சம். மிச்சம் 10 இலட்சத்து 80 ஆயிரம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதப்படி 60,000. மிச்ச 80,000க்கு 15 வீதப்படி 12,000. மொத்தம் 72,000, மாசம் 6000. லப்ரொப், இன்ரநெற் செலவுக்கு ரசீது வச்சிருந்தால் இன்னும் குறையும். நவம்பர் 30க்குள்ளை விபரத்திரட்டு குடுக்கோணும்.

என்னட்டை வாற பெடியளிலை கனபேர் ரசீது வைக்கிறேல்லை. வங்கிக்குக் கடன் கேட்டுப் போகேக்கை தான் வருமானத்தைக் காட்ட ஏதாவது செய்து தாங்கோ எண்டு ஓடி வருவினம். சம்பளத் துண்டு இல்லாத மனிசனுக்கு வரிப் பத்திரம் தான் சம்பளத் துண்டு. கலியாணம் பேசேக்கையும் உதவும், நான் கண்டனான்.

இறுதியாண்டு

அண்ணை, அக்கா, ஐயா எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலை கம்பஸ், கணினி விஞ்ஞானம் கடைசி வருசம். கொழும்பிலை ஒரு கொம்பனி பயிற்சிக்கு எடுத்து, பிறகு வேலை தாறம் எண்டு சொல்லியிருக்கு. கூட்டாளியள் மூண்டு பேர் ‘போகாதை, சேந்து ஸ்ராட்அப் செய்வம்’ எண்டு நிக்கிறாங்கள். யாழ்ப்பாணத்துக் கடையளிலை இருந்து சாமான் வீட்டை கொண்டுவந்து குடுக்கிற அப். மண்டபத்திலை பேசுறவை எண்டு பொதுவா ஏசாதையுங்கோ. யாழ் ஐரி ஹப் எண்ட தொழில்நுட்பத் தொண்டு அமைப்பின்ரை போட்டியளிலை நிண்டு தான் நான் ஒரு விசயத்தை எழுந்து நிண்டு விளங்கப்படுத்தப் பழகினனான். அங்கை வாறவை கனபேர் தங்கடை சொந்த நேரத்தைச் செலவழிச்சு வாறவை. ஆனால் இந்த அப் விசயத்திலை ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.

வண்ணார்பண்ணையான்

தம்பி, ஏசினது தொண்டு செய்யிறவையை இல்லை. கோர்ஸ் விக்கிறவையை.

உன்ரை அப்புக்கு வாறன். 1981 குடிசன மதிப்பிலை யாழ்ப்பாண மாவட்டத்திலை கிளிநொச்சியை விட்டே 7 இலட்சத்துக்கு மேலை சனம். 2012இலை 5 இலட்சத்து 83 ஆயிரம். நாட்டிலை கன மாவட்டத்திலை சனம் கூடேக்கை இஞ்சை குறைஞ்சது. ஏன் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. இருக்கிற சனத்திலையும் கனபேருக்குக் கடை ஒழுங்கை முடக்கிலை இருக்கு, கடைக்காரர் கொப்பியிலை எழுதிக் கடன் குடுப்பார், போன் அடிச்சால் பெடியனிட்டைக் குடுத்தும் விடுவார். உன்ரை அப் கடன் குடுக்குமோ? பெற்றோல் காசும் ஓட்டக்காரன்ரை காசும் கழிச்சு ஒரு ஓடருக்கு என்ன மிஞ்சும் எண்டு எழுதிப் பார். நாலு பேரும் ஒரு கிழமை சைக்கிளிலை சாமான் குடுத்துப் பாருங்கோ, அப் இல்லாமல், வட்சப்பிலை. பிறகு தீர்மானி.

எழுத்துரு

இன்னொண்டு தம்பி. நாலு கூட்டாளியும் இப்பவே ஒரு கடுதாசியிலை எழுதுங்கோ. ஆருக்கு எவ்வளவு பங்கு, ஒருத்தன் ஆறு மாசத்திலை கனடாவுக்குப் போனால் அவன்ரை பங்கு என்னாகும், எழுதின கோட் ஆற்றை. எங்கடை ஊரிலை ஸ்ராட்அப் உடையிறதுக்கு முதலாவது காரணம் முதலீடு இல்லை, வீசா. கொம்பனி பதிய அவசரப்படாதையுங்கோ. தனியார் கொம்பனி எண்டால் செயலாளர், வருசாவருசம் ஆண்டறிக்கை எண்டு உழைக்காட்டிலும் செலவு. பிரதேச செயலகத்திலை வியாபாரப் பேர் பதிஞ்சு தொடங்கலாம்.

தென்மராட்சி மொழி

நான் வேறை மாதிரிச் சொல்லுறன் தம்பி. கொழும்புக்குப் போ. உன்னாலை போக ஏலும். ரெண்டு வருசம் ஆற்றையோ காசிலை பிழை விட்டுப் பழகு. ஈபிஎஃப் விழும். திரும்பி வரேக்கை ‘இன்ன கொம்பனியிலை இருந்தவர்’ எண்ட பேரோடை வந்தால், ஸ்காபரோ மாமாவும் இருபத்தையாயிரத்துக்குக் கேக்கமாட்டார்.

ஸ்காபரோ மாமா

பிள்ளை, என்னை விடமாட்டியள் போலை. சரி, அடுத்த முறை இஞ்சத்தைய விலையிலை அரைவாசி தாறன். நேரத்துக்குத் தரோணும்.

எழுத்துரு

மாமா, முற்பணம் அதிலை பாதி. இணுவிலான் சாட்சி.

இறுதியாண்டு

பயிற்சி தொடங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ளை அண்ணை சொன்ன மாதிரிச் சைக்கிளிலை ஒரு கிழமை ஓடிப் பாக்கிறம். கூட்டாளியளிலை ரெண்டு பேர் இப்பவே ‘அதுக்கு ஏன் நாங்கள், அப் எழுதத்தானே சேந்தனாங்கள்’ எண்டு முகத்தைச் சுழிக்கிறாங்கள். மிச்ச நேரத்துக்கு ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கோ, பக்க வடிவமைப்பும் தெரியும்.

ஈய எழுத்து

தம்பி, கணினித் தமிழ் எழுத்திலை யூனிகோட், பாமினி ரெண்டும் ஓடுமோ? இண்டைக்கு மத்தியானம் ஒரு கல்வெட்டு வந்திருக்கு. முப்பத்திரண்டு பக்கம், வம்சாவழி ரெண்டு பக்கம் விரியும், பேரப்பிள்ளையள் பகுதி இங்கிலீஸ். படமெல்லாம் மங்கல், திருத்தோணும். வாற வியாழக்கிழமை பிளேற் போகோணும், வெள்ளி அந்தியேட்டி.

இறுதியாண்டு

ரெண்டும் ஓடும் அண்ணை. முற்பணம் எவ்வளவு?

இணுவிலான்

கேட்டான் பாருங்கோ.

ஈய எழுத்து

நாளைக்குக் காலமை கடைக்கு வா, கையிலை தாறன். திதி வெண்பாவை மட்டும் தொட்டுப்போடாதை, ஒரு புள்ளி மாறினாலும் வாத்தியார் என்னை விடமாட்டார்.